ரெண்டு கையால நீட்டின ஃபைல்

போன ஞாயித்துக்கிழமை புனே ஆகுர்டியில நம்ம கூட்டம் முடிஞ்சு, ஆளுக்கொரு வடாபாவைக் கையில வெச்சுக்கிட்டு என்னைச் சுத்தி நின்னு நீங்க கேட்ட கேள்விகளை வீட்டுக்கு வந்து ஒரு தாள்ல எழுதிப் பார்த்தேன். ஆக்சென்ட் மாத்தணுமா மேடம். பயோடேட்டா போட்டோவுல புடவை கட்டலாமா மேடம். டெமோ கிளாஸ்ல குதிக்கணுமா மேடம். வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குப் போகக் கிளம்பி நிக்கற பதினாலு பேர், பதினாலும் அழகான கேள்வி. ஆனா போய் இறங்கின முதல் நாள் என்ன பண்ணக் கூடாதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான், ஏன்னா நான் அதைத்தான் பண்ணினேன்.

சின்னக் கேள்விகளுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஆக்சென்ட் மாத்தாதீங்க. எனக்கு இன்டர்வியூ ஏற்பாடு பண்ணின ஏஜென்ட், ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில ஆபீஸ் வெச்சிருந்தவர், ரெண்டு வாரம் அமெரிக்காக்காரி மாதிரிப் பேசிப் பழகச் சொன்னார். நானும் வீட்ல பழகினேன். எங்க அண்ணி பயந்துபோய், பல்லு வலியா, டாக்டர்கிட்டப் போலாமான்னு கேட்டாங்க. ராஜலட்சுமிங்கற பேர் வேண்டாம், ரேச்சல்னு வெச்சுக்கோங்கன்னும் சொன்னார் அந்த மனுஷன். அப்ப பாஸ்போர்ட்டை என்ன பண்றதுன்னு கேட்டேன், ஃபீஸ் எப்பக் கட்டறீங்கன்னு பேச்சை மாத்திட்டார். புடவை கட்டலாம். குதிக்கறது உங்க முட்டியைப் பொறுத்தது, அதுல நான் தலையிட மாட்டேன்.

இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறவங்களுக்கு எதுக்குத் தமிழ்ல எழுதறேன்னு கேப்பீங்க. முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதிப் பழகிட்டேன். அதுல எழுதினா நான் பண்ணின முட்டாள்தனம்கூட ஏதோ பயிற்சித் திட்டம் மாதிரி யோக்கியமா வந்து உக்காந்துக்கும். உங்கள்ல எழுத்துக்கூட்டிப் படிக்கற புனே பிள்ளைங்க இதை அம்மாகிட்டக் குடுத்து வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அம்மாவுக்கும் பொழுது போகும்.

நான் தாபோடியில வளந்தவ. அப்பா மிலிட்டரி இன்ஜினியரிங் காலேஜ் ஒர்க்‌ஷாப்ல இருந்தார். கல்யாணம் ஆகி ஆகுர்டிக்கு வந்தேன், அங்கேயே ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல இருபது வருஷம் வேலை. அந்த ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டு. சேர்ற அன்னிக்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ஆபீஸ்ல ஒப்படைச்சுடணும், வேலையை விடும்போதுதான் கைக்கு வரும். பிரின்சிபால் ரூம் பீரோவுல எங்க முப்பது பேரோட படிப்பும் பூட்டிக் கிடந்துச்சு. அது தப்புன்னு எங்களுக்குத் தோணினதே இல்லை. கல்யாணம்னா புகுந்த வீடு, வேலைன்னா பீரோ, அவ்வளவுதான். உங்கள்ல பாதிப் பேரோட டிகிரி இப்பவும் ஏதோ ஒரு காலேஜ் பீரோவுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். தலையைக் குனிஞ்சுக்க வேண்டாம், மேல படிங்க.

பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, என் வீட்டுக்காரர் போயி ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், வியட்நாம்ல ஒரு ஊர்ல, குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கற ஒரு சென்டர்ல வேலை கிடைச்சுது. எனக்கு வயசு நாப்பத்தாறு. என் பொண்ணு சுபாவுக்குப் பதினொண்ணு. அவளைத் தாபோடியில அண்ணன் அண்ணிகிட்ட விட்டுட்டு, தீபாவளி முடிஞ்ச கையோட கிளம்பினேன். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள உன்னை எங்கூடக் கூட்டிக்கறேன்னு அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். குழந்தையை வெச்சுக்க அந்த சென்டர்ல வசதி கிடையாதுங்கறது அப்பவே எனக்குத் தெரியும். வேற வேலைக்கு மாறிக்கலாம்னு ஒரு தைரியம்.

பழைய ஸ்கூல் பீரோவுலேர்ந்து விடுதலையான சர்டிஃபிகேட்டை எல்லாம் ஒரு பச்சை ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். அதுல டிகிரியும் பி.எட்.டும் மட்டும் இல்லை. நம்ம வீடுகள்ல ஒரு ஃபைல் இருக்குமே, எது வேணும்னாலும் அதுலதான் தேடணும்னு, அந்த ஃபைல் அது. சுபாவோட பர்த் சர்டிஃபிகேட், அவ தடுப்பூசிக் கார்டு, என் வீட்டுக்காரரோட டெத் சர்டிஃபிகேட் எல்லாம் அதுக்குள்ளதான். அண்ணி பிரிச்சு வெச்சுக்கோன்னு சொன்னாங்க. ஒரே இடத்துல இருந்தாத்தான் பத்திரம்னு நான் சொன்னேன்.

போய் இறங்கின மறுநாள் டைரக்டர் கூப்பிட்டார். நாப்பது வயசு இருக்கும், எப்பவும் பளபளன்னு வெள்ளை ஷூ போட்டிருப்பார், சுபாவத்துல நல்ல மனுஷன்தான். டீ ஊத்திக் குடுத்துட்டு, டிகிரி எடுத்துட்டு வந்திருக்கீங்கல்லன்னு கேட்டார். காட்டுங்கன்னுகூடச் சொல்லலை. நான் எழுந்து நின்னு, ஃபைலை அப்படியே ரெண்டு கையால நீட்டினேன். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனா அந்த ஊர்லயும் மரியாதைன்னா ரெண்டு கைதான், அவரும் எழுந்து நின்னு ரெண்டு கையால வாங்கிக்கிட்டார். வாங்கினதை எங்கேயாவது வைக்கணுமே, பின்னாடி இருந்த இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டினார். பீரோ பூட்டற சத்தம் கேட்டதும்தான் எனக்கு வேலையில சேந்த திருப்தியே வந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் ரூம்ல எங்கூட இருந்த பிலிப்பைன்ஸ் டீச்சர்கிட்ட இதைச் சொன்னேன். அவ பேரை எழுத மாட்டேன், இன்னும் அந்தப் பக்கம்தான் வேலை பாக்கறா. அவளுக்கு இருபத்தாறு வயசு, அது அவளுக்கு மூணாவது நாடு. மாங்காயை நறுக்கி உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. "அவர் கேட்டாரா மேம்?"னா. கேக்கலைன்னேன். "பின்ன ஏன் குடுத்தீங்க?"ன்னா. எங்க ஊர்ல அதுதான் வழக்கம்னேன். மாங்காய் தட்டைக் கீழ வெச்சுட்டு அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. சிரிச்சு முடிச்சுட்டு, என் பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டு வாங்கி, அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சா. "பாக்கறதுக்குக் குடுக்கலாம் மேம். வெச்சுக்கறதுக்குக் குடுக்கக் கூடாது." என்னை விட இருபது வயசு சின்னவ. எனக்குக் கோவமா வந்துச்சு. இருபது வருஷ சர்வீஸ்காரிக்கு நீ என்னடி சொல்றதுன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு ஒரு துண்டு மாங்காய் எடுத்துத் தின்னேன்.

வேலை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லணும். குழந்தைங்க தங்கம். சென்டர்ல ஒரு வேடிக்கை உண்டு. வாசல்ல பெரிய பேனர், அதுல ஒரு வெள்ளைக்காரன் ஒரு குழந்தையோட கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். அவன் ஐரோப்பாவுல எங்கேயோ ஹோட்டல்ல சமையல் பண்ணிக்கிட்டு இருந்தவன், ஊர் சுத்த வந்தவன். இங்கிலீஷ் அவனுக்கு நாலாவது பாஷை. நானும் பிலிப்பைன்ஸ் டீச்சரும் அவனை 'முகம்'னுதான் சொல்லுவோம். ஞாயித்துக்கிழமை புதுப் பெற்றோர்களுக்கு நடக்கற டெமோ கிளாஸை முகம் எடுப்பான், அட்மிஷன் ஆனப்புறம் கிளாஸை நாங்க எடுப்போம். ரொம்ப நல்ல பையன், எங்களுக்கு அருமையா சூப் வெச்சுத் தருவான். நீங்களும் எங்கேயாவது ஒரு முகத்தோட வேலை பாக்க வேண்டி வரும். அவனை வெறுக்காதீங்க, அவனும் சம்பளத்துக்குத்தான் சிரிக்கறான்.

வாராவாரம் கம்ப்யூட்டர்ல சுபாவோட பேசுவேன். முதல் மாசம் நிறுத்தாமப் பேசினா. அப்புறம் கேட்டதுக்கு ஆமாம்னு மட்டும் பதில். சாப்பிட்டியா, ஹாங். படிச்சியா, ஹாங். பிப்ரவரியில ஒரு நாள் கேமரா முன்னாடி அண்ணி மட்டும்தான் இருந்தாங்க. சுபா எங்கன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா ராஜி, சாப்பாட்டு டப்பா காலி பண்றா, விளையாடறா. உன் கால் வந்தா மட்டும் பாத்ரூம்ல போய் உக்காந்துக்கறா"ன்னு சொன்னாங்க. அண்ணி எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவங்க.

அன்னிலேர்ந்துதான் மும்முரமா வேற வேலை தேடினேன். ஏப்ரல் முதல் வாரம் மஸ்கட்ல ஒரு காலேஜ்லேர்ந்து வேலை கிடைச்சுடுச்சுன்னு மெயில் வந்துச்சு. வீடு தருவாங்க, குழந்தைக்கு விசா உண்டு. ஒரே நிபந்தனை. டிகிரி, பி.எட்., குழந்தையோட பர்த் சர்டிஃபிகேட், கணவரோட டெத் சர்டிஃபிகேட், எல்லாம் ஒரிஜினலா ஏப்ரல் கடைசிக்குள்ள முத்திரை வாங்க அனுப்பணும். தவறினா அடுத்த வருஷம்தான். மெயிலைப் படிச்சுட்டுச் சந்தோஷத்துல பிலிப்பைன்ஸ்காரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவ என் தோள் மேல முகத்தை வெச்சுக்கிட்டு, "ஃபைல் எங்க மேம் இருக்கு?"ன்னு கேட்டா.

டைரக்டர்கிட்ட முறைப்படி நோட்டீஸ் குடுத்தேன். ஒப்பந்தத்துல மூணு வாரம்னுதான் இருந்துச்சு. நோட்டீஸை வாங்கி வெச்சுக்கிட்டு வருத்தப்பட்டார், டீ ஊத்தினார். ஃபைலைக் கேட்டேன். "பத்திரமா இருக்கு"ன்னார். பத்திரமா இருக்கறது தெரியும், கையில வேணும்னேன். உங்க இடத்துக்கு நல்ல டீச்சர் வரட்டும், வந்த அன்னிக்கே எடுத்துக்கோங்கன்னார். குழந்தை விஷயத்தைச் சொன்னேன். அவரும் கண்ணு கலங்கினார், கலங்கிக்கிட்டே பத்திரமா இருக்குன்னு மறுபடியும் சொன்னார். அதுக்கு முன்னாடி ரெண்டு டீச்சர் சொல்லாம கொள்ளாமக் கிளம்பிப் போயிருந்தாங்க, அவருக்கு அந்த பயம். என் ஃபைல் வந்தப்புறம்தான் மனுஷனுக்கு நிம்மதியாத் தூக்கமே வந்திருக்கும் போல. அந்த நிம்மதியை அவருக்கு ரெண்டு கையால குடுத்தது நான்தான்.

ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. அண்ணி பூட்டை உடைக்கச் சொன்னாங்க. அண்ணன் பர்த் சர்டிஃபிகேட்டுக்கு நகல் வாங்க அலைய ஆரம்பிச்சார், ஆனா டிகிரிக்கு நகல் வேணும்னா தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். தொலையலையே, தினம் டீ குடிக்கற ரூம்ல பீரோவுக்குள்ள இருக்கே. நாலு வாட்டி கேட்டேன், நாலு வாட்டியும் பத்திரம். இப்படியே ஒரு வாரம் போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை டெமோ. அம்பது பெற்றோர் வந்து உக்காந்துட்டாங்க, முகம் வரலை. ஏதோ சிப்பியைத் தின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டான். பத்து நிமிஷம் இருக்கறப்ப டைரக்டர் டீச்சர்ஸ் ரூமுக்கு ஓடி வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. ராஜி, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்னார். பிலிப்பைன்ஸ்காரி மேஜைக்கு அடியில என் தொடையைக் கிள்ளினா. அவ என்ன சொல்றான்னு புரிஞ்சுது. இப்ப கேளு, இப்ப விட்டா கிடைக்காது.

நான் கேக்கலை. இதுதான் என் ரெண்டாவது முட்டாள்தனம், முதலாவதை விட இது பெருசு. வெளியில குழந்தைங்க உக்காந்திருக்கு, கிளாஸை வெச்சு பேரம் பேசறது டீச்சருக்கு அழகில்லைன்னு தோணுச்சு. அதோட, நல்லா வேலை செஞ்சா அந்த மனுஷன் நன்றியோட நடந்துக்குவார்னு நம்பினேன். இருபது வருஷ பீரோ வாசம் அப்படி நம்ப வெச்சிருந்துச்சு. போனேன், எடுத்தேன். பெருமைக்குச் சொல்லலை, அன்னிக்கு மாதிரி ஒரு கிளாஸை நான் அதுவரைக்கும் எடுத்ததில்லை. குழந்தைங்க போக மாட்டேன்னுச்சுங்க, பெற்றோர் வரிசையில நின்னு பேர் குடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சு டைரக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். இப்பவாவது ஃபைலைத் தாங்கன்னு கேட்டேன். "இனிமே உங்களை நான் எப்படி விடுவேன்?"னு சிரிச்சார். மனசாரப் பாராட்டித்தான் சொன்னார். புதன்கிழமை வாசல்ல புது பேனர், முகத்துக்குப் பக்கத்துல என் முகம்.

பிலிப்பைன்ஸ்காரி ஒரு நாள் முழுக்க எங்கூடப் பேசலை. மறுநாள் தானா வந்து உக்காந்தா. "நல்லா வேலை செஞ்சா விட்டுடுவாங்கன்னு உங்களுக்கு யாரு மேம் சொன்னா? நல்லா வேலை செஞ்சா பிடிச்சு வெச்சுக்குவாங்க." பசங்களா, எத்தனையோ பயிற்சி வகுப்புல உக்காந்திருக்கேன், எத்தனையோ பெரியவங்க பேசிக் கேட்டிருக்கேன். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வாரம் கம்ப்யூட்டர்ல சுபாவே வந்து உக்காந்தா. எனக்கு ஒரே சந்தோஷம். அவ முகத்துல ஒண்ணுமே இல்லை. ஏப்ரல் பாதி ஆயிடுச்சுன்னா. தெரியும்டா கண்ணான்னேன். "நீ கூட்டிட்டுப் போகப் போறதில்ல, பரோபர் நா?"ன்னு கேட்டா. பரோபர்னா சரின்னு அர்த்தம், கணக்கு சரியான்னு டீச்சர்கிட்டக் கேக்கற மாதிரிக் கேட்டா. கோவமா கேட்டிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன். நான் சென்டர் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அம்மா போன் வந்தா பொண்ணு பாத்ரூம்ல, பொண்ணு பேசினா அம்மா பாத்ரூம்ல, நல்ல குடும்பம்.

வெளியில வந்தா பிலிப்பைன்ஸ்காரி நின்னுக்கிட்டு இருந்தா. தனியா கேட்டா அவர் பத்திரமா இருக்குன்னுதான் சொல்வார், எல்லார் முன்னாடியும் கேளுங்கன்னா. ஆனா சண்டை போடாதீங்க, சண்டை போட்டா நீங்க பைத்தியக்காரி, அவர் பாவம்னும் சொன்னா. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போற வழியெல்லாம் இதையே யோசிச்சேன். எல்லார் முன்னாடியும் நிக்கறப்ப என் கையில என்ன இருக்கு? ஒரு பாடம் இருக்கு, அவ்வளவுதான். கீரை வாங்கப் போனவ கீரை வாங்காமத் திரும்பினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை டெமோவுக்கு ஹால் நிறைஞ்சு போச்சு. முகமும் வயிறு சரியாகி வந்து, வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு இருந்தான். நான் ஒரு மூங்கில் கூடையோட போனேன். அன்னிக்குப் பாடம், ஒருத்தர்கிட்ட இருக்கற நம்ம பொருளை மரியாதையாத் திருப்பிக் கேக்கறது. நம்ம டைரக்டரையும் விளையாட்டுல சேத்துக்கலாமான்னு குழந்தைங்ககிட்டக் கேட்டேன், கூரை பிச்சுக்கற மாதிரிக் கத்துச்சுங்க. மேடைன்னா அவருக்கு உசுரு. குட்டி நாற்காலியில முட்டி மடக்கி உக்காந்து கூடையை மடியில வெச்சுக்கிட்டார். ஒரு குழந்தை பென்சில் போட்டுச்சு, ஒண்ணு கிளிப், ஒண்ணு ஒத்தைச் செருப்பு. ஒரு அப்பா தன்னோட ஹெல்மெட்டைக் கொண்டு வந்து வெச்சார்.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து கேக்கணும். "மே ஐ ஹேவ் மை பென்சில் பேக், ப்ளீஸ்?" அவர் எடுத்துக் குடுத்து, "ஹியர் யூ ஆர்"னு சொல்லணும். எல்லாரும் செல்போன்ல படம் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. செருப்புக்காரி, ஏழு வயசுப் பொண்ணு, ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டே வந்து கேட்டா, அவர் தலை குனிஞ்சு குடுத்தார், ஹால் முழுக்கச் சிரிப்பு. ஹெல்மெட் அப்பாவும் வெக்கப்பட்டுக்கிட்டே கேட்டு வாங்கிக்கிட்டார். கூடை காலி.

நான் போய் வரிசையில கடைசியா நின்னேன். வேலை போனாப் போகட்டும், எல்லாரும் சிரிச்சுட்டா என்ன பண்றதுங்கற பயம்தான். சிரிச்சுட்டா அது விளையாட்டாவே முடிஞ்சுபோகும். கிளாஸ்ல பேசற அதே குரல்ல, குழந்தைக்குப் புரியற வேகத்துல கேட்டேன்.

"மே ஐ ஹேவ் மை சர்டிஃபிகேட்ஸ் பேக், ப்ளீஸ்?"

அவர் சிரிச்சார். கூடையைக் கவுத்துக் காட்டினார், ஒண்ணும் இல்லைன்னு. கூடையில இல்லை சார், உங்க பீரோவுல இருக்கு, பச்சை ஃபைல், என் பொண்ணோட பேப்பரும் அதுலதான் இருக்குன்னு சின்னச் சின்ன வாக்கியமாச் சொன்னேன். பின்னாடி இருந்த பெற்றோர்களுக்கும் புரியட்டும்னுதான் சின்னச் சின்னதா. பின் வரிசையில பிலிப்பைன்ஸ்காரி அதை அவங்க பாஷையில பக்கத்துல இருந்த அம்மாகிட்டச் சொன்னா, அந்தம்மா அடுத்தவங்ககிட்டச் சொன்னாங்க. செல்போன் ஒண்ணுகூடக் கீழ இறங்கலை. டைரக்டர் சிரிப்பை மட்டும் முகத்துல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார். இனி என்ன செய்யறதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் யோசிச்சு வெச்சிருந்தது அதுவரைக்கும்தான்.

அப்ப அந்தச் செருப்புக்காரக் குட்டி அவர் பக்கத்துல போனா. பாவம், பெரியவருக்குப் பதில் மறந்துபோச்சுன்னு நினைச்சுட்டா. அவர் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, காதுல ரகசியமா, ஆனா ஹாலுக்கே கேக்கற மாதிரி எடுத்துக் குடுத்தா. "ஹியர் யூ ஆர்."

பரீட்சையில பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற அதே பாசம். மத்த குழந்தைங்களும் சேந்துக்கிச்சுங்க. ஹியர் யூ ஆர், ஹியர் யூ ஆர். முகம் கூட வாசல்ல நின்னு கை தட்டிச் சொன்னான், அவன் உச்சரிப்பு அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு.

டைரக்டர் எழுந்தார். ஆபீசுக்குள்ள போனார். பீரோ திறக்கற சத்தம் கேட்டுச்சு. பச்சை ஃபைலை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு வந்து, என் முன்னாடி நின்னு, ஹியர் யூ ஆர்னார். நானும் ரெண்டு கையால வாங்கி தேங்க் யூ சொன்னேன். பெற்றோர் தட்டின கைதட்டல்ல பாதிப் பேருக்கு இது பாடமா நிஜமான்னு தெரிஞ்சிருக்காது. அந்த வாரமும் அட்மிஷன் நிறைய ஆச்சு, அதனால அவருக்கும் ரொம்பக் கோவம் வரலை. பாக்கி நாலு நாளும் ஒழுங்கா வேலை பார்த்துட்டுத்தான் கிளம்பினேன். கடைசி நாள் டீ ஊத்திக் குடுத்துட்டு, நீங்க ரொம்ப நல்ல டீச்சர், எனக்கும் சேத்துத்தான் பாடம் எடுத்தீங்கன்னு சொன்னார். அந்த மனுஷன் மேல எனக்கு இன்னிக்கும் வருத்தம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். டீச்சருக்குக் கோர்ட்டு, வக்கீல், அடியாள் எதுவும் கிடையாது. ஒரு கிளாஸ் உண்டு. எப்ப அதைக் குடுக்கணும், எப்ப அதுக்குள்ள நின்னு கேக்கணும்ங்கறதை நீங்களாத்தான் முடிவு பண்ணணும். முதல் ஞாயித்துக்கிழமை நான் முடிவே பண்ணலை, பழக்கம் என்னை இழுத்துட்டுப் போச்சு. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நானாப் போனேன்.

ஏப்ரல் கடைசி வாரம் தாபோடியில வந்து இறங்கினேன். கதவைத் திறந்தது சுபா. ஒரு அடி வளந்திருந்தா. "ஆலீஸ்?"னா. வந்துட்டியான்னு மராட்டியில அவ்வளவுதான் கேட்டா, ஃபைலை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவுல நடந்ததை எல்லாம் அண்ணிக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். சுபா கேக்காத மாதிரித் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தக் குட்டி டைரக்டர் காதுல எடுத்துக் குடுத்த இடம் வந்தப்ப அவளுக்குப் புரையேறிடுச்சு. எத்தனையோ மாசம் கழிச்சு என் பொண்ணு சிரிச்சதைப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ்காரி சொன்னதை மறுபடி சொல்லுன்னு என்னை மூணு வாட்டி சொல்ல வெச்சா.

பேப்பரெல்லாம் முத்திரையோட திரும்பி வந்ததும், ஜூன் முதல் வாரம் ரெண்டு பேரும் மஸ்கட் போயிட்டோம். வேலையில சேர்ற அன்னிக்கு அவளுக்கு இன்னும் ஸ்கூல் திறக்கலை, அதனால காலேஜ் ஆபீசுக்கு என்கூடவே கூட்டிட்டுப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் ஒரு மலையாளி, சிரிச்ச முகம். உக்காரச் சொன்னார். சர்டிஃபிகேட் இருக்கான்னு கேட்டார். இத்தனை பட்டும், இத்தனை அழுதும், என் ரெண்டு கையும் தானா நீண்டுச்சு, பச்சை ஃபைலோட. என்னை என்னன்னு சொல்றது.

பக்கத்துலேர்ந்து ஒரு கை வந்து ஃபைலைப் பிடிச்சுக்கிச்சு.

"அங்கிள், பாக்கலாம். வெச்சுக்க முடியாது"ன்னா சுபா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பரோபர் நா, அம்மா?"ன்னு கேட்டா.

பரோபர்னு சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே ஜெராக்ஸ் போதும் மோளேன்னார். ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்துட்டு அவகிட்டயே திருப்பிக் குடுத்தார். என் பொண்ணு ஒரே கையால வாங்கி, ஃபைல்ல போட்டு மூடி, கக்கத்துல இடுக்கிக்கிட்டா.